ஒரு கப் காபி குடித்துவிட்டுப் போனவர்கள்

வழக்கம்போல இதுவும் நீளமான பதிவுதான். அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் படியுங்கள்.

அமெரிக்காவில் மில்வாக்கியில் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்தேன் அல்லவா, அந்த ஏரியைப் பற்றி எழுதுங்கள், பனியைப் பற்றி எழுதுங்கள் என்று சிலர் கேட்டீர்கள். பனியைப் பற்றிப் படமே நிறைய இருக்கிறது. நான் எழுத நினைப்பது ஒரு சின்ன அட்டையைப் பற்றி. அகலம் இரண்டரை அங்குலம், உயரம் மூன்றரை அங்குலம். பக்கத்து வீட்டுப் பெரியவர் என் கையில் கொடுத்தது. முன்பக்கம் பேஸ்பால் உடையில் ஓர் இளைஞர் படம். பின்பக்கம் சின்ன எழுத்தில் ஒரே ஒரு வரிக் கணக்கு. ‘ஆட்டம் 1’ என்பதைத் தவிர மற்ற எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். கடையில் வாங்கினதா என்று கேட்டேன். இல்லை, தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவரே செய்தது என்றார். இப்படி இருநூறுக்கு மேல் செய்து வைத்திருக்கிறார். எல்லாரும் பிட்சர்கள். ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. பெரும்பாலான அமெரிக்கர்களுக்கும் தெரியாதாம். அதற்காகத்தான் செய்கிறேன் என்றார்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கிரிக்கெட்டில் பவுலர் எப்படியோ, பேஸ்பாலில் பிட்சர். பந்தைத் தரையில் குத்தாமல் நேரே பேட்டரை நோக்கி எறிவார். ஒரு ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று பேர் அவுட் ஆனால் அந்த அணியின் முறை முடிந்தது. பிட்சரை எடைபோட ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், இ.ஆர்.ஏ. என்று பெயர். 9 இன்னிங்ஸ் எறிந்தால் சராசரியாக எத்தனை ரன் கொடுப்பார் என்பது அது. மூன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்ல பிட்சர். ஐந்து, ஆறு என்று ஏறினால் வேலைக்கு ஆபத்து. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். உச்சியில் இருப்பது மேஜர் லீக். அதற்குக் கீழே படிப்படியாக மைனர் லீக்குகள். மைனர் லீக்கில் வருஷக்கணக்கில் கிடந்து, ஒரு நாள் மேலே கூப்பிடப்பட்டு, ஓரிரு ஆட்டம் ஆடிவிட்டுக் கீழே திரும்பியவர்களை ‘ஒரு கப் காபி குடிக்க வந்தவர்’ என்று அங்கே சொல்வார்கள். நம் ஊரில் காபி குடிக்காமல் விருந்தாளியை அனுப்ப மாட்டோம். அங்கே காபியோடு அனுப்பிவிடுகிறார்கள்.

கார்டு வந்த கதை சிகரெட்டில் தொடங்குகிறது. 1880-களில் சிகரெட் பாக்கெட் மடங்கி நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை வைத்தார்கள். சும்மா வெள்ளை அட்டையாக ஏன் வைக்க வேண்டும் என்று அதில் நடிகைகள், விளையாட்டு வீரர்கள் படத்தை அச்சடித்தார்கள். அப்பா சிகரெட் வாங்கினால் பிள்ளைக்குக் கார்டு. 1930-களில் அந்த இடத்தைப் பபிள்கம் பிடித்துக்கொண்டது. 1990-களில் என் வகுப்பில் படித்தவர்கள் மேஜைக்கடியில் டிரம்ப் கார்டு மாற்றிக்கொண்டதை நினைத்துப் பாருங்கள். (யார் யார் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.) அதே வெறி, அதே பேரம்.

இன்றைய கார்டின் உருவத்தைத் தீர்மானித்தது 1952-ல் டாப்ஸ் என்ற பபிள்கம் கம்பெனி வெளியிட்ட வரிசை. மொத்தம் 407 கார்டு. முன்னால் வண்ணப்படமும் கையெழுத்தும், பின்னால் வாழ்க்கைக் குறிப்பும் கணக்கும். அதை வடிவமைத்த சை பெர்கர் என்பவர், புரூக்ளினில் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் கத்தரிக்கோலும் அட்டையும் வைத்துக்கொண்டு மாதிரி செய்தார். அந்த வருஷம் விற்காமல் கிடங்கில் தேங்கிய கார்டுகளை 1960 வாக்கில் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டினதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அதே வரிசையில் வந்த மிக்கி மேண்டல் என்ற வீரரின் கார்டு ஒன்று 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. கடலுக்கு அடியில் எத்தனை கோடி கரைந்தது என்று கணக்குப் போட எனக்குத் தைரியம் இல்லை.

சரி, யாருக்குக் கார்டு கிடைக்கும்? சரித்திரம் படித்தவன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். டாப்ஸ் கம்பெனியின் ஆட்கள் மைனர் லீக் மைதானங்களுக்குப் போய், தேறுவான் என்று தோன்றுகிற இளைஞனிடம் 5 டாலர் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். பின்னால் அவன் மேஜர் லீக்கில் நிலைத்தால் வருஷத்துக்கு 125 டாலர். ஏறக்குறைய கால் நூற்றாண்டு அந்தத் தொழில் ஒரே கம்பெனியின் கையில் இருந்தது. ஆகவே அவர்கள் ஆள் யாரை ‘தேறமாட்டான்’ என்று ஒதுக்கினாரோ அவருக்குக் கார்டு இல்லை. மோரி வில்ஸ் என்பவரை அப்படித்தான் ஒதுக்கினார்கள். அவர் 1962-ல் 104 தளங்களைத் திருடிச் சாதனை படைத்து, லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். (திருடுவது என்றால் பந்து எறியும் நேரத்தில் அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவது. அங்கே அதற்கு விருது!) அந்த 5 டாலரை மறக்காத வில்ஸ் 1967 வரை டாப்ஸுக்குக் கையெழுத்துப் போடவே இல்லை. பிறகு 1975-ல் பழைய விருதாளர்களின் கார்டுகளை மறுபடி அச்சடித்தபோது, 1962-க்கு வில்ஸ் கார்டு இல்லாததால், 1962 பாணியில் புதிதாக ஒன்றைக் கம்பெனியே தயாரித்துப் போட்டது. இல்லாத கார்டை உண்டாக்குவது ஏதோ பொழுதுபோகாத கிழவர்களின் வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வில்ஸ் நட்சத்திரம், அவரை யாரும் மறக்கவில்லை. ஒரு கப் காபிக்காரர்கள் நிலைமை வேறு. அதிலும் பிட்சர்கள்தான் அதிகம். பேட்டர் தினமும் ஆடுவார். பிட்சரின் தோளும் முழங்கையும் தினமும் தாங்காது, அடிக்கடி பழுதாகும். ஆகவே கீழிருந்து ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். செப்டம்பர் மாதத்தில் அணிகள் கூடுதல் ஆட்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி இருந்ததால், கோடை முழுக்க மைனர் லீக்கில் உழைத்தவர் கடைசி இரண்டு வாரம் மேலே வந்து ஒரு ஆட்டத்தில் பந்தெறிந்துவிட்டுப் போவார். 1970-களின் நடுவில் டாப்ஸ் வருஷத்துக்கு 660 கார்டு போட்டது. 24 அணி, அணிக்கு 25 பேர், இடையிடையே வந்துபோனவர் பலர், மேலாளர்கள், சாதனைப் பட்டியல்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். செப்டம்பர்காரருக்கு இடம் ஏது?

இந்தக் குறையை முதலில் கவனித்தவர்களும் கார்டு வியாபாரிகள்தான். 1978-ல் டி.சி.எம்.ஏ. என்ற சின்ன நிறுவனம் ‘1960-கள்’ என்று ஒரு வரிசை போட்டது, அதில் ரசிகர்கள் மறந்துபோன பலர் இருந்தார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் ஸ்டீவன்ஸ் பாயிண்ட் என்ற ஊரில் கார்டு வியாபாரம் செய்த லாரி ஃபிரிட்ச் என்பவர், கொஞ்ச காலமே ஆடிவிட்டுப் போனவர்களுக்காகவே 1977 முதல் 1983 வரை தனி வரிசை வெளியிட்டார். என் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆசை பிறந்தது அந்த வரிசையைப் பார்த்துத்தானாம். கம்ப்யூட்டர் வந்த பிறகு இது வீட்டு வேலையாகிவிட்டது.

செய்முறையைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். முதலில் படம் வேண்டும். ஒரு ஆட்டம் ஆடியவரை யார் படம் எடுத்தார்கள்? பழைய பத்திரிகைப் படம், கல்லூரி ஆண்டு மலர், மைனர் லீக் அணியின் குழுப் புகைப்படத்தில் பின்வரிசையில் மூன்றாவது ஆள். அதைப் பெரிதாக்கி, கறை நீக்கி, சில சமயம் வண்ணம் ஏற்றி, தொப்பியில் சரியான எழுத்தை வரைய வேண்டும். பிறகு அவர் ஆடிய வருஷத்தில் கார்டு எந்தப் பாணியில் வந்ததோ அதே சட்டம், அதே எழுத்துரு. பின்பக்கத்துக்குக் கணக்கு வேண்டும். அதற்கு ரெட்ரோஷீட் என்ற தன்னார்வ அமைப்பு 1989 முதல் பழைய ஆட்டங்களின் ஸ்கோர் விவரங்களைத் திரட்டி இலவசமாகக் கொடுக்கிறது. 1971-ல் கூப்பர்ஸ்டவுனில் 16 பேர் கூடித் தொடங்கிய பேஸ்பால் ஆய்வுச் சங்கம் ஒன்றும் இருக்கிறது. ஒரு ஆட்டம் ஆடியவருக்குக்கூட வாழ்க்கை வரலாறு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஊர் கல்லறைப் பதிவேட்டைத் தேடி ஒருவர் செத்த தேதியை உறுதி செய்ததைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடுவார்களாம். கடைசியில் முன்பக்கம், பின்பக்கம் தனித்தனியே அச்சடித்து, நடுவில் அட்டை வைத்து ஒட்டி, காயவிட்டு, அளவாக வெட்ட வேண்டும். இரண்டு விதிகளைப் பெரியவர் கண்டிப்பாக வைத்திருக்கிறார். காசுக்கு விற்பதில்லை. பின்பக்க மூலையில் இது வீட்டில் செய்தது என்று போடாமல் விடுவதில்லை. பழசு என்று நாளைக்கு யாரும் ஏமாற்றிவிடக் கூடாதே.

முதலில் என் கையில் கொடுத்தாரே, அந்தப் பூஜ்யக் கார்டு, அது லாரி யவுண்ட் என்பவருடையது. 1971 செப்டம்பர் 15, ஹூஸ்டன் அணியின் மைதானம், 21 வயது. ஒன்பதாவது இன்னிங்ஸில் இவர் வருகிறார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தாகிவிட்டது. பந்தெறியும் மேட்டில் ஏறி ஒத்திகைப் பந்துகள் எறியும்போது முழங்கையில் வலி. ஒரு பேட்டரும் எதிரே வருவதற்கு முன்பே இறங்கிவிட்டார். அறிவித்துவிட்டதால் விதிப்படி அவர் ஆடியதாகக் கணக்கு. சில வருஷம் மைனர் லீக்கில் முயன்றார், மறுபடி மேஜர் லீக்கில் கால் வைக்கவே முடியவில்லை. இப்படி ஒரு பந்துகூட ஆட்டத்தில் எறியாமல் பதிவேட்டில் இருக்கிற ஒரே பிட்சர் அவர்தான்.

அவருடைய தம்பி ராபின் யவுண்ட். மில்வாக்கி அணிக்கு 1974 முதல் 1993 வரை 20 வருஷம் ஆடி, 3,142 முறை வெற்றிகரமாக அடித்து, 1999-ல் புகழ்க் கூடத்தில் இடம் பெற்றவர். மில்வாக்கி ஸ்டேடியத்துக்கு வெளியே அவருக்குச் சிலை இருக்கிறது, மாப்பிள்ளை கூட்டிப்போய்க் காட்டினார். தம்பியின் 1975 டாப்ஸ் கார்டைச் சேகரிப்பவர்கள் போட்டி போட்டு வாங்குவார்கள். அண்ணனுக்கு, 1972 டாப்ஸின் அந்த வளைவு வளைவான வண்ண எழுத்துப் பாணியில், பெரியவர் செய்த கார்டு. இரண்டையும் ஒரே உறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு ஜோடி. 1945 ஆகஸ்ட் 4, வாஷிங்டன் நகரம், பாஸ்டன் அணியோடு ஆட்டம். நான்காவது இன்னிங்ஸ். வாஷிங்டன் பிட்சர் ஜோ கிளியரி, அயர்லாந்தில் கார்க் நகரில் பிறந்து அமெரிக்கா வந்தவர். அன்றுதான் முதல் ஆட்டம். எதிரே வந்த பேட்டர்கள் அடித்து நொறுக்குகிறார்கள். ஒரே ஒருவரை அவுட் ஆக்குவதற்குள் அவர் கணக்கில் 7 ரன். மேலாளர் அவரை இறக்கிவிட்டார், அதற்கப்புறம் கூப்பிடவே இல்லை. மேலே சொன்ன இ.ஆர்.ஏ. கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு இன்னிங்ஸில் 7 ரன் என்றால் 9 இன்னிங்ஸுக்கு 189. நூற்றி எண்பத்தொன்பது! வாழ்நாள் முழுக்க அந்த மனிதர் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண்.

அவர் இறங்கின மேட்டில் ஏறியவர் பெர்ட் ஷெப்பர்ட். அவருக்கும் அது முதல் ஆட்டம். இரண்டாம் உலகப்போரில் போர் விமானி. 1944 மே மாதம் ஜெர்மனி மேல் பறக்கும்போது சுட்டு வீழ்த்தப்பட்டார். ஜெர்மன் விமானப்படை மருத்துவர் ஒருவர், ஆத்திரத்தோடு திரண்ட ஊர்க்காரர்களிடமிருந்து அவரைக் காப்பாற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். உயிர் பிழைத்தது, வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. கைதி முகாமில் கூட இருந்த கனடா நாட்டுக்காரர் ஒருவர் கிடைத்ததை வைத்து ஒரு செயற்கைக் கால் செய்து கொடுத்தார். அந்தக் காலை மாட்டிக்கொண்டு முகாமிலேயே பந்தெறியப் பழகினார். நாடு திரும்பிய சில மாதத்தில், அன்றைக்கு, மூன்று தளத்திலும் எதிரணி ஆட்கள் நிற்க, உள்ளே வந்தார். முதல் பேட்டரையே அவுட் ஆக்கினார். ஐந்தேகால் இன்னிங்ஸுக்கும் சற்று அதிகம் எறிந்து கொடுத்தது ஒரே ஒரு ரன். இ.ஆர்.ஏ. 1.69. அணி 15–4 என்று தோற்றது. அவருக்கும் மேஜர் லீக்கில் அதுவே கடைசி ஆட்டம். தன்னைக் காப்பாற்றிய மருத்துவரை 1993-ல் தேடிக் கண்டுபிடித்து நேரில் சந்தித்தார்.

ஒரே இன்னிங்ஸ், ஒரே மேடு, இருவருக்கும் முதலும் கடைசியும். போர்க்காலத் தட்டுப்பாட்டினால் 1941-க்குப் பிறகு 1948 வரை பபிள்கம் கார்டுத் தொழிலே ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. எனவே அந்த வருஷம் நட்சத்திரங்களுக்கே கார்டு இல்லை, இவர்களுக்கு எப்படி இருக்கும்? ஷெப்பர்டைப் பற்றிப் பின்னால் நிறைய எழுதினார்கள், அதில் குறை இல்லை. கிளியரிக்குக் கிடைத்தது அந்த 189 மட்டும். பெரியவர் கிளியரி கார்டின் பின்பக்கத்தில் அந்த எண்ணை மறைக்கவில்லை. அதற்குக் கீழே, அவர் அவுட் ஆக்கிய அந்த ஒருவரையும் குறிப்பிட்டிருக்கிறார். எனக்கு அது சரியாகப் பட்டது. மார்க் குறைந்ததை ரிப்போர்ட் கார்டில் திருத்தக் கூடாது. ஆனால் பையன் எந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் எழுதினான் என்று ஒரு வரி சேர்க்கலாம்.

இன்னொருவரைச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்கு அழகில்லை. ஆலன் டிராவர்ஸ். 1912 மே மாதம், டெட்ராய்ட் அணியின் பெரிய நட்சத்திரம் டை காப், தன்னைக் கேலி செய்த ஒரு பார்வையாளரை மேடையில் ஏறிப் போய் அடித்துவிட்டார். அடிபட்டவருக்கு ஒரு கை இல்லை, மற்றொரு கையிலும் விரல்கள் குறை. லீக் தலைவர் காப்பை இடைநீக்கம் செய்தார். சக வீரர்கள் வேலைநிறுத்தம் என்றார்கள். மே 18 அன்று பிலடெல்பியாவில் அணி இறங்கவில்லை என்றால் நிர்வாகத்துக்கு 5,000 டாலர் அபராதம். அவசரத்துக்கு அந்த ஊர்ப் பையன்களைப் பிடித்து உடை மாட்டி இறக்கினார்கள். பிட்சராக நின்றவர் டிராவர்ஸ், செயின்ட் ஜோசப் கல்லூரி மாணவர், கல்லூரி அணியிலேயே பந்தெறியாதவர். எதிரே இரண்டு வருஷமாக உலக சாம்பியன். முழு ஆட்டமும் நின்று எறிந்தார். 26 அடி, 24 ரன். 24–2 தோல்வி. ஒரே ஆட்டத்தில் ஒரு பிட்சர் கொடுத்த ரன்களில் அமெரிக்கன் லீக்கில் இன்றைக்கும் அதுதான் அதிகம். அடுத்த ஆட்டத்துக்கு வீரர்கள் திரும்பிவிட்டார்கள். டிராவர்ஸ் பாதிரியாராகி, பள்ளிகளில் வாத்தியாராக வேலை பார்த்தார். அவர் வகுப்புப் பையன்கள் பின்பெஞ்சில் 24 என்று எழுதிச் சிரிக்காமலா இருந்திருப்பார்கள்? நாற்பது வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், சிரித்திருப்பார்கள்.

2020 டிசம்பரில் இந்த வேலை திடீரென்று பல மடங்கு பெரிதாகிவிட்டது. கறுப்பின வீரர்களை மேஜர் லீக்கில் சேர்க்காத காலத்தில், 1920 முதல் 1948 வரை அவர்கள் தனியாக நடத்திய லீக்குகளையும் மேஜர் லீக் என்று ஏற்பதாக அறிவித்தார்கள். சுமார் 3,400 பேர் ஒரே நாளில் ‘முன்னாள் மேஜர் லீக் வீரர்’ ஆனார்கள், அநேகமாக எல்லாரும் காலமான பிறகு. அவர்கள் ஆடிய நாளில் அமெரிக்கக் கம்பெனி எதுவும் அவர்களுக்குக் கார்டு போட்டதில்லை. மேலே சொன்ன ஃபிரிட்ச் 1986-லேயே 119 கார்டு வரிசை ஒன்று அவர்களுக்காக வெளியிட்டிருந்தார், அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் மீதிப் பேர்? சில பிட்சர்களுக்குப் பதிவேட்டில் குடும்பப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. சொந்தப் பெயர் இல்லை, பிறந்த ஊர் இல்லை, படம் இல்லை. படம் இல்லாமல் கார்டு செய்ய முடியாது. பழைய கறுப்பினப் பத்திரிகைகளின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் துழாவிக்கொண்டிருக்கிறார்கள்.

இதுவரை படித்தவர்களில் சிலர், ‘சார், அட்டைதானே, இதற்கு இவ்வளவா’ என்று நினைக்கலாம். அட்டையின் பின்பக்கத்து எண்ணுக்கு உண்மையான விலை ஒன்று இருக்கிறது. பென்ஷன் வாங்குகிற நமக்கு இது சட்டென்று புரியும். பணிப் பதிவேட்டில் சில நாள் குறைந்தால் என்ன ஆகும் என்று என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும்.

1970-களில் மேஜர் லீக் பென்ஷனுக்கு நான்கு வருஷப் பணி வேண்டும். 1980-ல் புது ஒப்பந்தம் போட்டபோது அதை 43 நாளாகக் குறைத்தார்கள். மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரே ஒரு நாள் போதும். அருமையான விதி. ஆனால் அது அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும்தான். அதற்கு முன்பே ஓய்வு பெற்று, நான்கு வருஷம் நிரம்பாதவர்களை விட்டுவிட்டார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் ஆடியவருக்கு ஒன்றும் இல்லை, அவருக்குப் பின்னால் வந்து இரண்டு மாதம் ஆடியவருக்குப் பென்ஷன். இதில் என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. முப்பது வருஷம் கழித்து 2011-ல்தான் ஏதோ செய்தார்கள். ஒவ்வொரு 43 நாள் பணிக்கும் வருஷத்துக்கு 625 டாலர், எவ்வளவு நாள் ஆடியிருந்தாலும் 10,000 டாலருக்கு மேல் கிடையாது. 2022-ல் அதை 718 டாலர் 75 சென்ட் ஆக்கினார்கள், உச்சவரம்பு 11,500. மிக்கி மேண்டல் கார்டு 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போன அதே வருஷம்.

நம் பெரியவரைப் போன்றவர்கள் செய்யும் கார்டுகளில், படத்தில் இருப்பவர் உயிரோடு இருந்தால் அவருக்கே நாலைந்து பிரதி தபாலில் அனுப்புவார்கள். ஒன்றில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும்படி கேட்டு, தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கும். மீதிக் கார்டுகள் பேரப்பிள்ளைகளுக்கு. திரும்பி வந்த உறைகளைக் காட்டினார். சிலவற்றின் உள்ளே கடிதமும் இருக்கிறது, எண்பது தாண்டிய கை நடுங்கின எழுத்து. சில உறைகளுக்கு மனைவிதான் பதில் போட்டிருக்கிறார், அவர் போய்விட்டார் என்று. அந்த வருடாந்திரத் தொகை வீரர் இறந்ததோடு நின்றுவிடும். மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் என்று எதுவும் அதில் கிடையாது.